அம்மாவின் காசு டொக்கென்றுதான் கேட்கும்

அந்த ஆளிடம் என் அம்மா மன்னிப்புக் கேட்டாள். இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. காசு போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். 81 வயதுக் கிழவி, கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்துபோன இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "ஒன்ன வீணா மலையேற வச்சிட்டேன் தம்பி. எங்க மாமியா வச்சிருந்தது கள்ளக்காசுன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். அவன் பெரிய மனது பண்ணித் தலையாட்டினான். முன்பணமாகக் கொடுத்திருந்த 200 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டாம், நீங்களே வச்சுக்குங்க பாட்டிம்மா என்றான். அம்மா அவனுக்குத் தேநீர் கலந்து கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பிஸ்கட் எடுத்து வைத்தேன்.

பிஸ்கட் எடுத்து வைத்தேன்!

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலையில் 41 வருஷம் வேலை பார்த்தவன் நான். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். வாட்டிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி அமுக்கினால் ஈரம் சரியா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அரைத்த இலை புளிக்கும்போது பச்சை வாடை போய் அந்த இனிப்பு வாசம் எழும்புகிற நிமிஷம் என் மூக்குக்குத் தெரியும். தூளில் காம்பு சேர்ந்தாலும், பழைய தூளைப் புதுத்தூளோடு கலந்தாலும், சாயம் ஏற்றினாலும் கண்டுபிடித்துவிடுவேன். கலப்படம் என்று ஒன்றைக் காட்டிக்கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள் வந்து, அவன் கண்ணெதிரிலேயே, அவன் அம்மாவின் காசை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் ஒருவன். போகும்போது "அண்ணே, வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது என்ன காசு என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

1903-இல் அடித்த ஒரு வெள்ளி நாணயம். நாம் இந்த நாட்டில் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம், காசிலிருந்து வெள்ளி கழன்றுபோய் எத்தனையோ காலம் ஆகியும் நம் வாயிலிருந்து கழலவில்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்தக் காசைத்தான் காட்ட வேண்டும். நீரிணைக் குடியேற்றங்கள் என்று நம்மவர்கள் எழுதுகிற பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கென்று முதன்முதலாக வந்த ஒரு வெள்ளி நாணயம் அது. 1,000 பங்கில் 900 பங்கு வெள்ளி. எடை 26.95 கிராம், குறுக்களவு 37 மில்லிமீட்டர். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ஏழாம் எட்வர்டு. மறுபக்கம் கொடிக்கோலத்துக்கு நடுவே ஜாவியிலும் சீனத்திலும் 'ஒரு வெள்ளி' என்ற எழுத்து. பம்பாய் நாணயசாலையில் அடித்துக் கப்பலில் அனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த மாதிரி அதுவும் கடல் தாண்டி வந்ததுதான்.

அந்தக் காசுக்கு ஆயுசு கம்மி. வெள்ளி விலை ஏறிக் காசின் மதிப்பைவிட உள்ளே இருக்கிற உலோகத்தின் மதிப்பு கூடிப்போனதும், 1907-இல் அளவைக் குறைத்து 20.21 கிராமில், 34 மில்லிமீட்டரில் சின்னக் காசு அடித்தார்கள். பெரிய காசுகள் திரும்ப உலைக்குப் போயின. எதெல்லாம் போகவில்லை தெரியுமா? பெண்களின் கழுத்தில் ஓட்டை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தவை. எங்கள் அப்பாயியின் அம்மா தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, மன்னர் கிரீடத்துக்கு மேலே விளிம்பை ஒட்டி ஓட்டை போட்டு, தாலிக்கயிற்றில் பொட்டுக்கும் கருகமணிக்கும் நடுவே கோத்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் அது மகள் கழுத்துக்கு வந்தது. 1920களின் கடைசியில் தோட்டத்து ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கணக்கு. அப்படியென்றால் ஒரு பெண் இரண்டரை நாள் குனிந்து நிமிர்ந்தால் ஒரு வெள்ளி. பிறகு விலைச்சரிவு வந்து அந்தக் கூலியையும் வெட்டினார்கள்.

1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய பிறகு கேமரன் மலைக்காட்டைத் திருத்தித் தேயிலை போட ஆள் தேவைப்பட்டது. அப்படி மேலே வந்தவர்களில் என் தாத்தாவும் அப்பாயியும் உண்டு. பின்னாலேயே ஜப்பான்காரன் வந்தான். 1943-இல் தாத்தாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எங்கே விழுந்தார், யார் மண் தள்ளினார்கள், ஒன்றும் தெரியாது. அவர் விட்டுப்போனது ஒரு பிஸ்கட் டின் நிறைய, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு. 1945 செப்டம்பரில் அதற்கும் மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பாயி அடுப்பெரித்தாளாம். ஈரக் காகிதம் மாதிரிப் புகைந்ததே தவிர எரியக்கூட இல்லை என்று சொல்வாள்.

தாலி இறங்கிய பிறகு அவள் அந்தக் காசை ஓட்டையோடு வைத்துக்கொள்ள மனசில்லாமல் தாப்பாவுக்கு இறங்கிப் போய் ஒரு ஆசாரியிடம் கொடுத்து அடைத்துக்கொண்டு வந்தாள். "கயிறு போன ஓட்டையப் பாத்துக்கிட்டே இருக்க முடியலடா" என்று என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆசாரி கைவசம் இருந்த வெள்ளித் துண்டை வைத்துப் பற்றவைத்து அராவி விட்டிருக்கிறார். வேலை சுத்தமில்லை. பொட்டு அளவுக்கு ஒரு வட்டத் தழும்பு, சுற்றிலும் கொஞ்சம் கறுத்து, ஒரு பக்கம் மேடாக இருக்கும். விரலால் தடவினால் நெருடும். சின்ன வயதில் அப்பாயி மடியில் படுத்துக்கொண்டு அந்த நெருடலைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அந்தத் தழும்பில்தான் என் தாத்தா இருக்கிறார். வேறு எங்கேயும் அவருக்கு ஒரு கல்லு கிடையாது.

இதைத்தான் அவன் எடுத்துக்கொண்டு போனான்.

2023, தைப்பூசம் முடிந்த மறுவாரம். ஈப்போ பக்கம் என்றான். நல்ல தமிழ். நெற்றியில் விபூதி. பழைய காசு, பழைய நோட்டு, பழைய விளக்கு இருந்தால் பார்த்து விலை சொல்கிறேன் என்று லயத்து வீடுகளில் நுழைந்து நுழைந்து வந்தவன், யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா விற்க நினைக்கவே இல்லை. பேத்தியின் கல்லூரிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மைதான், ஆனாலும் விற்கிற எண்ணம் இல்லை. என்ன பெறும் என்று தெரிந்துகொள்ளலாமே என்றுதான் எடுத்துக் காட்டினாள். அவன் காசை விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு காசால் சுண்டினான். டொக்கென்றது. முகத்தைச் சுளித்தான். "சத்தம் சரியில்லியே பாட்டிம்மா. நல்ல வெள்ளின்னா கணீர்னு கேக்கணும்." பையிலிருந்து இன்னொன்றை எடுத்துச் சுண்டினான். கணீரென்று கேட்டது, கோயில் மணி மாதிரி. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் முகம் விழுந்துவிட்டது.

பெரிய ஆளிடம் காட்டி, அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றான். 200 வெள்ளி கொடுத்தான். காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ எழுதிக் கொடுத்தான். இரண்டு வாரத்தில் அவனே திரும்பி வந்தான். திருடன் திரும்பி வருவானா? வந்ததனால்தானே நம்பினோம்! வட்டமான கண்ணாடிப் பிளாஸ்டிக் டப்பிக்குள் காசு பளிச்சென்று இருந்தது. "போலி பாட்டிம்மா. எந்தக் காலத்துலயோ எவனோ ஒங்க மாமியார ஏமாத்திருக்கான். டப்பியத் தொறக்காதீங்க, காத்துப் பட்டா கறுத்துடும்" என்றான். அம்மாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. பிளாஸ்டிக்குக்கு மேலே தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. கையைக் கூப்பினாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்த டப்பியைச் சாமி அறையிலிருந்து எடுத்து, பழைய துணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். கள்ளக்காசைச் சாமி பக்கத்தில் வைக்கக் கூடாதாம். செத்துப்போன மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசியறியாதவள், "பாவம் கெழவி, என்னத்தையோ நம்பிக்கிட்டு இருந்துச்சு" என்று ஒருநாள் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கே அப்பாயியின் மேல் இரக்கம் வந்தது. இரக்கம்! செத்தவளையும் சேர்த்து முட்டாளாக்கிவிட்டுப் போயிருந்தான் அவன்.

ஒரு வருஷம் கழித்து, வேறு ஏதோ பத்திரத்துக்காகத் தகரப் பெட்டியைக் குடைந்தபோது என் நான்காம் படிவத்து இயற்பியல் நோட்டுப் புத்தகம் கிடைத்தது. 1978. ஆர்க்கிமிடிஸ் விதிப் பாடம். வீட்டிலிருந்து ஏதாவது உலோகச் சாமான் கொண்டுவரச் சொல்லியிருந்தார் ஆசிரியர். அப்பாயியைக் கெஞ்சி அந்தக் காசை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பென்சிலில் என் கோணல் எழுத்து: காற்றில் 26.6 கிராம். தண்ணீரில் 24.0. குறைவு 2.6. அடர்த்தி 10.2. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. அதற்குக் கீழே ஆசிரியர் 'பேராக்' என்று எழுதியிருந்தார். மலாயில் பேராக் என்றால் வெள்ளி.

கை நடுங்கியது. சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. அந்தக் காலத்துக் காசில் பத்தில் ஒரு பங்கு செம்பு சேர்வதால் 10.3 பக்கம் வரும். அடைப்பும் தேய்மானமும் போக என் பென்சில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. 45 வருஷத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் சரி போட்ட காசு எப்படிக் கள்ளக்காசு ஆகும்?

டப்பியை உடைத்தேன். மகள் கேக் செய்ய வைத்திருக்கும் சின்ன மின் தராசை எடுத்தேன். காசு 23.8 கிராம். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்கினேன். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். காசு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அதைத் தராசு காட்டும். எண் ஆடி ஆடி 2.8-இல் நின்றது. 23.8-ஐ 2.8-ஆல் வகுத்தால் 8.5. அது வெள்ளி இல்லை, பித்தளை. மேலே முலாம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவள் கட்டைவிரல் தானாகவே கிரீடத்துக்கு மேலே போனது. அங்கேயே இரண்டு முறை, மூன்று முறை தேய்த்தாள். காசைத் திருப்பித் தேய்த்தாள்.

"தடம் எங்கடா?" என்றாள்.

அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து எனக்குக் காசுப் பைத்தியம் பிடித்துவிட்டது. தூங்காமல் படித்தேன், கேட்டேன், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். இன்றைக்கு எந்தக் கொம்பன் வந்து நின்றாலும் சொல்வேன். அசல் காசு அச்சால் ஓங்கி அடித்தது, எழுத்தின் ஓரம் சுவர் மாதிரிச் செங்குத்தாக எழும்பும். வார்த்த காசில் ஓரமெல்லாம் சோப்புக்கட்டி கரைந்த மாதிரி வழுவழுவென்று இறங்கும், சமதளத்தில் ஊசி குத்திய மாதிரிப் பொடிக் குழிகள் கிடக்கும். விளிம்பைப் பாருங்கள். இரண்டு அச்சையும் சேர்த்த இடத்தில் ஒரு கோடு ஓடும், அல்லது அதை அராவிய தடமாவது இருக்கும். விளிம்புப் பற்கள் ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் விட்டும் நிற்கும்.

காந்தத்தை வைத்துப் பார், ஒட்டவில்லை என்றால் நல்ல வெள்ளி என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நம்பாதீர்கள். இரும்பு மாதிரிச் சில உலோகத்துக்கு மட்டும்தான் அது. பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. எங்கள் வீட்டுப் போலியும் ஒட்டவில்லை. சத்தமும் அப்படித்தான். நல்ல பித்தளை கணீரென்று கேட்கும், அதனால்தானே பூசை மணியை அதில் செய்கிறோம்! ஓட்டை அடைத்துப் பற்றவைத்த காசு, சுத்தமான வெள்ளியாகவே இருந்தாலும், அடைப்பு இருப்பதால் அதிர முடியாமல் டொக்கென்றுதான் கேட்கும். அவனுக்கு இது தெரியும். தெரிந்துதான் சுண்டிக் காட்டினான். அசலைச் சுண்டிப் போலி என்றான், போலியைச் சுண்டி அசல் என்றான். எங்கள் காதையே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தான்.

பிறகு அடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய சாமான் விற்கிற சந்தைக்குப் போனேன். ஒரு தட்டு நிறைய ஏழாம் எட்வர்டு. ஒன்று பத்து வெள்ளி. எங்கள் வீட்டுப் போலியில் மன்னர் கன்னத்துத் தாடியில் பிறை மாதிரி ஒரு சின்னக் கீறல் உண்டு. தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். 1903-இல் அந்தக் கீறல். 1904-இல் அதே இடத்தில் அதே கீறல். 1907-இலும். ஒரே அச்சில் பெற்ற பிள்ளைகள், வருஷத்தை மட்டும் மாற்றிப் பேர் வைத்திருக்கிறார்கள். அதிலும் அந்த 1907 இருக்கிறதே, மற்றவற்றின் அளவிலேயே, 37 மில்லிமீட்டரில் இருந்தது! அந்த வருஷம் காசையே சின்னதாக்கிவிட்டார்கள் என்பதுகூடத் தெரியாத கழுதைகள் செய்த வேலை. விற்கிறவரிடம் கேட்டேன். "அலங்காரத்துக்குண்ணே" என்றார். அமெரிக்காவில் 1973-லிருந்து இப்படிப்பட்ட நகலில் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தத் தட்டில் இருந்தவற்றில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. பத்து வெள்ளி கொடுத்து ஒருவன் வாங்குகிறான், மலையேறுகிறான், ஒரு கிழவியின் கழுத்துக் காசோடு இறங்குகிறான்.

போலீஸ் நிலையத்துக்குப் போகாமல் இருப்பேனா? போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். என்ன காணாமல் போனது என்று கேட்டார். காசு என்றேன். மேசைமேல் இருப்பது என்ன? அதுவும் காசு. அப்படியானால் எது காணோம்? இதே மாதிரி இன்னொரு காசு. எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மதிப்பு எவ்வளவு என்றார். என்ன சொல்ல? கள்ள நாணயம் பற்றிய சட்டப் பிரிவுகள் இன்றைக்குச் செலாவணியில் இருக்கிற காசுக்கு. செத்துப்போன மன்னர் தலை போட்ட காசை எவன் வார்த்தாலும் அந்தப் பிரிவுக்குள் அடங்காது. மிஞ்சுவது ஏமாற்றியதற்கான 420. அதற்கு ஆள் வேண்டும், பேர் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு காலண்டர் தாள். அவன் கொடுத்த எண் உயிரோடு இல்லை. நுகர்வோர் நடுவர் மன்றம் இருக்கிறதே என்றார் ஒருவர். அது வாங்கினவர்களுக்கு. நாங்கள் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. பார்க்கக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள் சொன்னதுதான் அதைவிடக் கொடுமை. "பேராசைப்பட்டிருக்கீங்க." என் மச்சானே சொன்னான். ஊரில் பழைய காசுக்கு லட்சம் தருகிறேன் என்று ஏமாற்றுகிற கூட்டம் பெருகிப்போய், 2021-இல் இந்திய ரிசர்வ் வங்கியே எங்கள் பேரைச் சொல்லி வருகிறவனை நம்பாதீர்கள் என்று அறிக்கை விட்டது, தெரியாதா என்று கேட்டான். தெரியும். இதே மச்சான் திருச்சிக்குப் போய் வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பொறித்த செப்புக்காசு ஒன்றை வாங்கிவந்து சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறான். கம்பெனிக்காரன் அப்படி ஒரு செப்புக்காசு அடித்ததே கிடையாது. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று தமிழ்நாட்டில் எத்தனை பேர் வீடு வாசலைத் தோற்றார்கள், அந்தக் குடும்பத்துச் சரக்குதான் அதுவும். நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் தினமும் அதற்குப் பூ வைக்கிறான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். லட்சம் கிடைக்கும் என்று ஓடினவர்கள் வேறு, தன் மாமியார் கழுத்தில் கிடந்ததைக் காட்டினவள் வேறு இல்லையா? திருடுகொடுத்தவளைப் பார்த்துப் பேராசை என்கிற இந்த வாய், திருடினவனைப் பார்த்து ஏன் 'கெட்டிக்காரன்' என்று சிரிக்கிறது? கள்ளக்காசு அரசாங்கத்தையே ஆட்டி வைத்திருக்கிறது. கிரிஸ் போட்ட ஒரு வெள்ளி நாணயம் நினைவிருக்கிறதா? 2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு அது செல்லாது என்று எடுத்துவிட்டார்கள். கள்ள நாணயம் புழங்கியதும் அதற்கு ஒரு காரணம். அம்மா ஒரு மைலோ டின் நிறையச் சேர்த்து வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு நான் தானா ராத்தாவுக்கு ஓடினேன். பேங்க் நெகாரா ஏமாந்தால் அது நிர்வாகப் பிரச்சினை, என் அம்மா ஏமாந்தால் பேராசையா?

இத்தனைக்கும் அம்மா எடையைப் பற்றித் தெரியாதவள் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தராசு முன்னால் நின்றவள். விடியற்காலையில் பனியில் நனைந்து முதுகில் கூடையோடு நிரையில் ஏறி, எடை போடுகிற கொட்டகைக்கு இறங்கி வருவாள். கூடைக்கு இவ்வளவு கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு என்று மண்டோர் கத்துவார், கிராணி எழுதுவார். வெயில் காய்ந்த மத்தியானத்திலும் ஈரக் கழிவு உண்டு. "தண்ணியே இல்லியேங்கய்யா" என்று ஒருமுறை கேட்டதற்கு, அடுத்த வாரம் முழுக்கச் செங்குத்து மேட்டில் நிரை கொடுத்தார்கள். அவள் கை சொல்லும் எடையும் தராசு சொல்லும் எடையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கையை நம்புவதா, முள்ளை நம்புவதா என்றால், முள்ளைத்தான் நம்ப வேண்டும் என்று 40 வருஷம் பழக்கிவிட்டார்கள். அதனால்தான் அவன் சுண்டிவிட்டுத் தலையாட்டியதும் நம்பினாள். தெரிந்தவன் மாதிரி ஒருவன் தலையாட்டினால் போதும், தன் கைக்குத் தெரிந்ததை அவள் அந்த இடத்திலேயே விட்டுக்கொடுத்துவிடுவாள்.

கடைசியாக, காசு சேகரிக்கிற பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஓட்டை அடைச்ச காசுக்குச் சந்தையில மதிப்பே இல்லீங்க. சேதப்பட்டதுன்னு எழுதித்தான் கம்பெனிக்காரன் டப்பியில போட்டுத் தருவான். வெள்ளி எடைக்குத்தான் போகும். இதுக்காகவா இவ்வளவு மனசொடிஞ்சு போறீங்க?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டபோதுதான் எனக்குக் குலை நடுங்கியது. அப்படியானால் அவன் எங்கள் காசை அப்படியே விற்கப்போவதில்லை. யாரிடமாவது கொடுத்து அந்த அடைப்பைத் தோண்டி, புது வெள்ளி வைத்துச் சமன்செய்து, அழிந்த எழுத்தை ஊசியால் மறுபடி செதுக்கி, புகைபோட்டுக் கறுக்கவைத்து, பழுதில்லாத காசென்று விற்பான். அதாவது எங்கள் காசிலிருந்து தாத்தாவை எடுத்துவிட்டுத்தான் அதற்கு விலை கிடைக்கும்.

தம்பி, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. உனக்கும் ஒரு அம்மா இருப்பாள். உன்னை நான் சபிக்கவில்லை. என் அம்மா விடவில்லை. "சாப்பாட்டுக்கு என்ன கஷ்டமோ அவனுக்கு" என்கிறாள். புரை எடுத்து இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. வாசலில் கார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறாள். அந்த 200 வெள்ளியைச் செலவழிக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். நீ வந்து காசைக் கொடுத்தால் திருப்பித் தந்துவிட வேண்டுமாம்.

படிக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ, கடையிலோ கண்காட்சியிலோ, 1903 பெரிய வெள்ளி நாணயம் ஒன்று உங்கள் கைக்கு வரலாம். நிறுத்துப் பாருங்கள், 26.6 கிராம் பக்கம் இருக்கும். தண்ணீரில் தொங்கவிட்டால் 2.6 காட்டும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, மன்னர் கிரீடத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டி, பொட்டு அளவுக்கு நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள். எவ்வளவு நன்றாக மறைத்திருந்தாலும் கட்டைவிரலுக்குத் தெரியும். விலை பேச மாட்டேன், நீங்கள் கொடுத்ததைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். கடைசியில் ஒருமுறை சுண்டியும் பாருங்கள். கணீரென்று கேட்டால் அது எங்களுடையது இல்லை.